இரண்டு பச்சைக் கதவுகள்

என் வீட்டு முன்னறைச் சுவர் இந்தப் பெருநோன்பில் உரிய ஆரம்பித்திருக்கிறது. தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்து, விரலால் தட்டினால் காய்ந்த ரொட்டி மாதிரி உடைந்து விழுகிறது. குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் பேசும்போது பின்னால் தெரிந்துவிட்டது போல. "ஆள் வெச்சுச் சுரண்டி அடிச்சிடு, பணம் அனுப்பறேன்" என்கிறார். "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்கிறேன். அந்தச் சுவரை அடித்தது யார் என்று அவருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. நான்தான் கூலிக்கு ஆள் பிடித்து அடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் நஸ்லத் தாவூத் கிராமத்தில் மாவு மில்லைத் தாண்டி மூன்றாவது சந்தில் பச்சைக் கதவு இரண்டு உண்டு. முதலாவது இன்சாஃப் வீடு, அடுத்தது என் வீடு. ஒரே டப்பாவிலிருந்து அடித்த பச்சை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு முந்தின வாரம் இன்சாஃபின் புருஷன் லபீப் தன் கதவுக்குப் பெயிண்ட் வாங்கினான். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று என் கதவுக்கும் அவனே அடித்துக் கொடுத்தான். நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அவள் அந்தப் பக்கம் மல்லி இடித்தால் என் அலமாரியில் டீ கிளாஸ்கள் ஆடும்.

லபீப் மலைக் குவாரியில் கல் அறுக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவன். அங்கே வேலை பார்க்கிற ஆண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது, எல்லாரும் இமை வரைக்கும் வெள்ளையாக இருப்பார்கள். லபீப் வாசலில் நின்று சட்டையை உதறுவான். நான் உள்ளேயிருந்து "என் துணி காயுதுடா" என்று கத்துவேன். "இலவசமா பவுடர் போடறேன், வெச்சுக்கங்கக்கா" என்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோன்பு ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம், அறுவை வட்டு அவன் இடது காலில் ஏறிவிட்டது. மின்யா ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவையும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. நோன்பு முழுக்க அவன் அங்கேதான் கிடந்தான்.

இன்சாஃப் காலையில் வெங்காய வயலுக்கு அறுப்புக்குப் போவாள், அங்கிருந்து அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவாள், சாயங்காலம் திரும்புவாள். உடம்பெல்லாம் வெங்காய வாசம் அடிக்கும். வீட்டைப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? எங்கள் ஊர் மண்ணில் உப்பு. அது சுவரில் ஏறி அடிப்பகுதியைத் தின்னும். வருஷா வருஷம் லபீப் பூசிவிடுவான். அந்த வருஷம் பூசவில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சாந்து உதிர்ந்து கல் தெரிந்தது. காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடி ஒரு முறம் மண் கிடக்கும்.

நோன்பின் கடைசி வாரம், வியாழக்கிழமை நாங்கள் இருவரும் என் மாடியில் ரொட்டிக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தோம். மண் தட்டுகளில் மாவை வட்டமாக வைத்து வெயிலில் விட வேண்டும், அது பொங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். உங்க வாயோட இருக்கணும்."

"என் வாய் என்ன சல்லடையா? சொல்லு."

"அபூனாகிட்டக் கேட்டுட்டேன்."

"எதை?"

எங்கள் ஊர்ப் பாதிரியாரைத்தான் அபூனா என்போம். அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு உருண்டையையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டைத்தான். நாளைக்கு டவுன் சர்ச்சுப் பிள்ளைங்க வருவாங்களாம். ஒரு கொத்தனாரும் வருவாராம். அடியில சாந்து பூசி, வெள்ளையடிச்சுக் குடுத்துடுவாங்களாம். சனிக்கிழமை அவர் வர்றார்க்கா. பாக்கறதுக்குக் குவாரி ஆளுங்க மொத்தமும் வருவாங்க, அபூனா வருவார். இந்தக் குப்பையிலயா அவரைப் படுக்க வைக்கறது?"

டவுன் சர்ச்சு இளைஞர்கள் ஒவ்வொரு நோன்பு முடிவிலும் இல்லாதவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். எட்டு வருஷமாக அதற்குச் சுண்ணாம்பு கொடுத்து வந்தவனே இந்த லபீப்தான். சூளையிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து, கொல்லையில் பீப்பாயில் நீற்றி வைத்திருந்து, தானே தள்ளுவண்டியில் அனுப்பி வைப்பான்.

"கேட்டதுல என்னடி தப்பு?"

"தப்புன்னு சொல்லல. கேக்கும்போது நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அபூனா, 'லபீப் ஊருக்கே குடுத்தவன், அவன் குடுத்தது இப்போ அவன் வீட்டுக்கே திரும்பி வருது, அவ்வளவுதான்'ன்னார். அப்படிச் சொன்னா எனக்கு வலிக்காதுன்னு நெனச்சார், பாவம்."

"வெரினாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரிஞ்சா உயிரை விட்டுடும்!"

வெரினா அவர்களுடைய ஒரே பெண். பதினாறு வயது. டவுனில் படிக்கிறாள். அங்கேயே சர்ச்சில் சேவைக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆனால் கஞ்சி போட்ட சட்டையும் கழுத்தில் சிலுவையுமாக, அரிசி, எண்ணெய்ப் பைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

"போன மாசம் ஒரு வீட்டுக்குப் போய்ட்டு வந்து சொல்றா, 'அம்மா, அந்த வீட்ல நாலு பேருக்கு ஒரே கட்டில்மா, பாவம்மா'ன்னு. எங்க வீட்லயும் ஒரே கட்டில்தான். அதுல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டுச் சொல்றா!"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இன்சாஃப் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் மாவு.

"அபூனாகிட்ட சொல்லிட்டேன், அவ இருக்கற கூட்டம் வேண்டாம்னு. சரின்னார். நாளைக்கு அவ கூட்டம் ஆத்துக்கு அந்தக் கரைக்குப் போகுதாம். தாள்ல பேர் எழுத மாட்டாங்க. அடையாளம் மட்டும்தான். வருவாங்க, தட்டுவாங்க, திறந்து உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்திடுவேன். சந்துக்குத் தெரிய வேண்டாம்."

பேர் எழுதாதது எங்கள் சர்ச்சுகளில் பழைய வழக்கம். ஏழை என்றும் சொல்ல மாட்டோம், ஆண்டவரின் சகோதரர்கள் என்போம். கொண்டுபோய்க் கொடுப்பவனுக்கே யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியக்கூடாது, வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். இதை ஏற்படுத்தியவர் நல்ல மனசுக்காரராகத்தான் இருந்திருப்பார். ஒரு வீட்டுப் பெண்ணையே அந்த வீட்டுக்கு வழிகாட்டியாகக் கூட்டி வருவார்கள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை வெரினா அதிகாலைப் பூசைக்கு டவுனுக்குக் கிளம்பியதும் இன்சாஃப் வீட்டை ஒழிக்க ஆரம்பித்தாள். கட்டில், பெட்டி, ஸ்டவ், மாதா படம், எல்லாம் கொல்லைக்குப் போயிற்று. பிறகு என் பெரிய வாணலியைக் கேட்டு வந்தாள். முதல் நாளே அவரைப் பருப்பை ஊறப் போட்டிருக்கிறாள். அரைத்து, கொத்தமல்லியும் லீக் வெங்காயத்தாளும் பூண்டும் சேர்த்து, தாமியா வடை தட்டிப் போட்டாள். அதே பருப்பில் ஒரு குண்டான் பிசாரா மசியல் கடைந்து, மேலே வெங்காயம் வறுத்துக் கொட்டினாள். "பன்னெண்டு பேர் வருவாங்களாம். வெறுங்கையோட வாங்கக் கூடாதுக்கா" என்றாள். வெளியே போகும்போது உடுத்துகிற கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் என் வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பத்து மணிக்கு மில் மூலையில் சத்தம் கேட்டது. ஏணி, வாளி, பிரஷ்களோடு ஒரு கூட்டம். நோன்பின் கடைசி வெள்ளியாதலால் பூசையில் பூசிய எண்ணெய் எல்லாருடைய நெற்றியிலும் பளபளத்தது. முன்னால் நாஷித் சார், டவுனில் கணக்கு வாத்தியார், ஒல்லியான மனிதர், செய்தித்தாளில் தொப்பி செய்து போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெரினா வந்தாள்.

அவள் ஆற்றுக்கு அந்தக் கரைக்கல்லவா போயிருக்க வேண்டும்? என்ன நடந்ததென்று பிறகுதான் தெரிந்தது. தாளில் இருந்த அடையாளத்தைப் படித்துவிட்டு, வழி தெரிந்தவர் யார் என்று நாஷித் சார் கேட்டிருக்கிறார். "மில்லுப் பக்கம் வெரினா இருக்காளே" என்று யாரோ சொல்ல, அந்தக் கூட்டத்திலிருந்து இவளை இந்தக் கூட்டத்துக்கு மாற்றிவிட்டார். நல்லெண்ணத்தில்தான்.

மில் மூலையில் அவர் தாளை அவள் கையில் கொடுத்தார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது சந்து, பச்சைக் கதவு, அடிச் சாந்து உதிர்ந்த சுவர், வீட்டுத் தலைவர் வீட்டில் இல்லை. பின்னாலிருந்த பிள்ளைகள் ஒருத்தனை ஒருத்தன் பிரஷ்ஷால் குத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெரினா தாளை நாலாக மடித்தாள். நடந்தாள்.

தன் வீட்டுக் கதவைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை. நேரே வந்து என் முன்னால் நின்றாள்.

"இந்த வீடுதான் சார்."

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? பிறந்த நாளிலிருந்து என் கையில் சோறு தின்ற பெண். ஒரு வார்த்தை நான் பேசினால் அவள் அங்கேயே செத்துவிடுவாள் போலிருந்தது.

இது வரைக்கும் நடந்ததை யாரிடமும் சொல்லலாம், பெண்ணுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்பே என் கை ஒரு காரியம் செய்துவிட்டது. என் வலக்கையில் நாலு தங்க வளையல்கள் உண்டு, குவைத்திலிருந்து வந்தவை. சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து அவற்றை மூடிக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. தானாகச் செய்தது.

"அம்மா, நாங்க சர்ச்சுல இருந்து வர்றோம்" என்றார் நாஷித் சார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. "உங்க பிள்ளைங்கன்னு நெனச்சுக்கங்க. கூச்சப்படாதீங்க. நீங்கள்லாம்தான் எங்க தலைக்குக் கிரீடம்."

"வாங்க" என்றேன்.

உள்ளே ஓடி, குளிர்சாதனப் பெட்டி இருக்கிற அறையைச் சாத்தினேன். டிவி மேல் போர்வையைப் போட்டேன். கொத்தனார் சுவரை அடியிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாந்து கொட்டிப்போச்சுன்னு எழுதியிருந்துச்சே? இது கெட்டியாத்தானே இருக்கு?"

"போன வாரம் நாங்களே பூசிட்டோம்" என்றேன்.

"வீட்டுக்காரர்?" என்று கேட்டார் நாஷித் சார்.

"ஊர்ல இல்ல."

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பாதி அந்தப் பெண்ணுக்காகச் செய்தேன். மீதிப் பாதி? ரொம்ப நாளாகவே அந்த அறைக்கு அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாசல் வரைக்கும் ஏணியோடு வந்து நிற்கிறார்கள். ஏழை என்று என்னை நினைத்தது சுருக்கென்று குத்தியதுதான். ஆனாலும் வெள்ளைப் பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சார், இவன் சுவருக்கு அடிக்கறானா, என் முதுகுக்கு அடிக்கறானா?"

"இவன் முதுகுதான் சார் பெருசா இருக்கு, சுவருன்னு நெனச்சுட்டேன்."

"பேச்சைக் குறைங்கடா, மேல இருந்து கீழ இழு, கீழ இருந்து மேல இழுக்காத."

எட்டு வயதிருக்கும், ஒரு குட்டிப் பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தை, இன்னைக்கு ராத்திரி உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன், இடது கையால்.

வெரினாவுக்குக் கிடைத்தது நடுச்சுவர். அந்தப் பக்கம் காலி வீட்டில் அவள் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். இவள் இந்தப் பக்கம் சத்தம் வராமல், பிரஷ்ஷைத் தடவுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள்.

"வெரினா, ஏன் வாயை மூடிட்டே? நீ பாடலேன்னா பாட்டு நொண்டுது" என்றான் முதுகு பெரிய பையன்.

"தொண்டை சரியில்ல."

"காலைல பூசையில சரியாத்தானே இருந்துச்சு? பாடு, பாடு!"

எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் பாடினாள். முதல் இரண்டு வரி நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. நல்ல கனமான குரல் அவளுக்கு. அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

உச்சி வேளையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் திறந்தேன். இன்சாஃப் நின்றாள். அதே கறுப்பு உடை. தலையில் பெரிய தட்டு, அதில் தாமியாவும் ரொட்டியும் பச்சை வெங்காயமும் ஊறுகாயும். காலடியில் பிசாராக் குண்டான்.

"பிள்ளைங்களுக்குப் பசிக்குமேன்னு கொண்டுவந்தேன்" என்றாள்.

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். நாஷித் சார் ஓடிவந்து தட்டை இறக்கினார். "எவ்வளவு நல்ல மனசு! வெரினா, உனக்குத் தெரிஞ்சிருக்குமே, இவங்க யாரு?"

வெரினா பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதிலிருந்து அவள் காலணி மேல் பெயிண்ட் சொட்டியது.

"பக்கத்து வீட்டு அத்தை."

"ஆமா, பக்கத்து வீடு" என்றாள் இன்சாஃப்.

அவளே பரிமாறினாள். ரொட்டியைப் பிய்த்து, உள்ளே இரண்டிரண்டு வடை வைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "சூடு ஆறிப்போச்சு, மன்னிச்சுக்கங்க. காலைலயே போட்டது" என்றாள். வெரினாவின் முறை வந்தது. அவளுக்கும் ரொட்டியை நீட்டினாள்.

"நீயும் எடுத்துக்கம்மா. உன் பேர் என்ன?"

அறையில் எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

"வெரினா" என்றது பெண்.

"நல்ல பேரு" என்றாள் தாய்.

காப்பாற்றினாளா அடித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. திரும்பும்போது அவள் கண் என் கையில் ஒரு நொடி நின்றது. அந்தப் புழுக்கத்தில், அடுப்பு வேலை செய்கிற பெண்பிள்ளை எவளும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்க மாட்டாள். பார்த்தாள். காலித் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். என்னோடு நின்று ஜெபம் சொன்னார்கள். வெரினா அவர்களோடே டவுனுக்குப் போய்விட்டாள். போகிற அவசரத்தில் ஏணியை என் கொல்லை நடையில் மறந்துவிட்டார்கள்.

தட்டையும் குண்டானையும் கழுவி எடுத்துக்கொண்டு இன்சாஃப் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சாமான் எல்லாம் இன்னும் கொல்லையில்தான். காலி அறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்சாஃப்..."

"அங்க வைங்கக்கா."

"பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். என்ன செய்யறதுன்னு தெரியல. அதான்..."

"தெரியும்."

"நாளைக்கு விடிஞ்சதும் நானே ஆள் கூட்டிட்டு வர்றேன். என் செலவு. நீ ஒண்ணும் பேசாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"ஏன்க்கா? ஒரு நாள்ல ரெண்டு தடவையா கை நீட்டுவேன்?"

வாளியை விட்டு எழுந்தாள்.

"கட்டிலை உள்ள போடணும். ஒரு பக்கம் பிடிங்க."

பிடித்தேன். அவ்வளவுதான் பேச்சு. அன்று பொழுது சாய வெரினா திரும்பி வந்தது எனக்குத் தெரியும், காலணிச் சத்தம் கேட்டது. சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டேன், வெட்கமில்லாமல். அந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

லாசரு சனிக்கிழமை காலையில் சந்தெல்லாம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குக் குருத்தோலை பின்னிக்கொண்டிருந்தார்கள். குவாரி வண்டி லபீப்பை ஏற்றிக்கொண்டு வந்தது. வண்டி நிற்க இடம் இருப்பது என் வாசலில்தான். இரண்டு பேர் அவனை நாற்காலியோடு இறக்கினார்கள். பாதியாக இளைத்திருந்தான். ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, இனி ஒரு ஜோடி செருப்பு எனக்கு ரெண்டு மடங்கு நாள் வரும்!"

"வாயை மூடுடா, வந்ததும் வராததுமா" என்றேன். அழுகை வந்தது.

திறந்திருந்த என் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். "அட, புது வெள்ளை! யாருக்கா அடிச்சது? உப்பேறின சுவர்ல போய் பிளாஸ்டிக் பெயிண்ட்டா? ரெண்டு வருஷத்துல உரிச்சுக்கிட்டு வந்துடும் பாருங்க. சுண்ணாம்புன்னா சுவர் மூச்சு விடும். என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

இன்சாஃப் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. நாற்காலியின் பின்னால் நின்றவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குள் வெரினா இருந்தாள். விடிந்ததிலிருந்து கொல்லைப் பீப்பாயில் அப்பா நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பை வாரி, மணலோடு பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். கை இரண்டும் சிவந்து வெந்துபோயிருந்தன. லபீப் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"மணல் கூடிப்போச்சும்மா. இன்னும் ரெண்டு கை சுண்ணாம்பு போடு. கையில துணியச் சுத்திக்க, மடச்சி." பிறகு சிரித்தான். "பாத்தியா இன்சாஃப், இடுப்பளவுதான் போயிருக்கு. நான் தரையில உக்காந்தா எட்டற உயரம். எனக்குன்னே அளந்து வெச்ச மாதிரி. அந்தச் சாக்கைப் போடு."

தூக்கி வந்த இருவரும் வேண்டாம் என்றார்கள். அவன் கேட்கவில்லை. சாக்கில் உட்கார்ந்து, பூச்சுக் கரண்டியை வாங்கி, சுவரில் தண்ணீர் அடித்துவிட்டுப் பூச ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில்தான் ஏணிக்காக நாஷித் சார் என் வாசலுக்கு வந்தார். நான் நடையிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்தேன், அவர் ஒரு முனையைப் பிடித்தார். பக்கத்துக் கதவு திறந்தது. வாளியில் தண்ணீர் எடுக்க வெரினா வெளியே வந்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு.

"வெரினா? நீ இங்க என்ன பண்றே?"

பக்கத்து வீட்டுக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் மெச்சிக்கொண்டு போயிருப்பார். அவள் பின்னாலேயே இன்சாஃப் வாசலுக்கு வந்துவிட்டாள். வெரினா வாளியைக் கீழே வைத்தாள்.

"இது எங்க வீடு சார்" என்றாள். "இவங்க எங்க அம்மா."

நாஷித் சார் அந்தக் கதவைப் பார்த்தார். என் கதவைப் பார்த்தார். இரண்டும் ஒரே பச்சை. உள்ளே கரண்டி சுவரில் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஏணியின் மறுமுனையில் நின்ற என்னைப் பார்த்தார். பூமி பிளக்கக்கூடாதா என்பார்களே, அதெல்லாம் பிளக்காது. நின்றுதான் ஆக வேண்டும்.

"தாள்ல பேர் போடறதில்ல..." என்றார் அவர், யாரிடம் என்று தெரியாமல். அவர் முகமும் கறுத்துவிட்டது. "நான்தான் இவளை வழி காட்டச் சொன்னேன்."

"பேர் போடாதது நல்ல வழக்கந்தான் சார்" என்றாள் இன்சாஃப். "உள்ள வாங்க. டீ குடிச்சுட்டுப் போலாம்."

"பிள்ளைங்களைக் கூப்பிடறேன்மா, இப்பவே..."

"வேண்டாம்."

உள்ளேயிருந்து லபீப் குரல் கொடுத்தான். "யாரது, ஏணியோடயா வந்திருக்கீங்க? உள்ள கொண்டாங்க, மேல எனக்கு எட்டாது!"

ஏணியை நாங்கள் இருவரும் உள்ளே கொண்டுபோனோம். வெரினா ஏறினாள். நாஷித் சார் கால்சட்டையை மடித்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். கீழே லபீப் பூசிக்கொண்டே, "அக்கா, சும்மா நிக்காதீங்க, அந்தச் சுண்ணாம்பு வாளியைப் பிள்ளைக்குத் தூக்கிப் பிடிங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் தூக்கிப் பிடித்தேன். மேலிருந்து வெரினா பிரஷ்ஷை முக்கி எடுக்கும்போதெல்லாம் என் சட்டைக் கையில் சொட்டியது. அன்றைக்கும் நான் அதை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துத்தான் விட்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இன்சாஃப் டீ கிளாஸ்களோடு வந்தாள். என் பக்கத்தில் நின்றாள்.

"சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கங்கக்கா" என்றாள் மெதுவாக. "எல்லாரும் பாத்தாச்சு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு முழங்கை வரைக்கும் மடித்துவிட்டேன். நாலு வளையலும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. நாஷித் சார் ஏணியைப் பார்த்துக்கொண்டார். நான் மறுபடி வாளியைத் தூக்கிப் பிடித்தேன்.